சீம்பால்: கன்றின் குடலைக் கட்டும் முதல் உணவு

கன்று ஈன்ற வீட்டில் முதல் வாரம் மகிழ்ச்சியாகவே கழியும். கன்று வாலைத் தூக்கிக்கொண்டு துள்ளித் திரியும். எட்டாம் நாளோ பத்தாம் நாளோ திடீரென்று வெள்ளையாகவோ மஞ்சளாகவோ தண்ணீர் போலக் கழியத் தொடங்கும். இரண்டே நாளில் கண் குழிவிழுந்து, காது தொங்கி, எழுந்து நிற்கவும் முடியாமல் படுத்துவிடும். ஒரே ஒரு கறவை மாட்டை நம்பியிருக்கும் சிறு விவசாயிக்கு இது சிறிய இழப்பு அல்ல. இறந்தது கிடேரிக்கன்றாக இருந்தால், மூன்று ஆண்டு கழித்துக் கொட்டிலில் நின்று கறக்கவேண்டிய இன்னொரு பசு போய்விட்டது என்று பொருள். பிழைத்துக்கொண்ட கன்றும் பல நேரங்களில் சரியாகத் தேறாமல் மெலிந்தே நிற்கும். சினைக்கு வருவதும் தள்ளிப்போகும்.

இந்தக் கழிச்சலுக்குக் கிருமிகள் காரணம் என்பது தெரிந்ததே. ஆனால் ஒரே ஊரில், ஒரே மாதிரிக் கொட்டிலில் வளரும் இரு கன்றுகளில் ஒன்று மாண்டுபோகிறது; மற்றொன்று இரண்டு நாளில் தேறி எழுந்துவிடுகிறது. இந்த வேறுபாட்டின் பெரும்பகுதி, பிறந்த முதல் மூன்று நாட்களில் அந்தக் கன்று எதை, எப்போது, எவ்வளவு குடித்தது என்பதில் இருக்கிறது. சீம்பாலில் நோய் எதிர்ப்புப் பொருட்கள் உண்டு என்பதைக் கால்நடை வளர்ப்போர் பலரும் அறிவர். குடலின் உட்சுவரைக் கட்டவும், அது கெட்டால் பழுதுபார்க்கவும் உதவும் "வளர்ச்சிக் காரணிகள்" என்னும் பொருட்களும் அதே சீம்பாலில் இருக்கின்றன என்பது அந்த அளவுக்குப் பரவவில்லை. அதைப்பற்றி இங்கே பார்ப்போம்.

குடலுக்குள் ஒரு நாற்றங்கால்

கன்றின் சிறுகுடலை அறுத்து உட்புறத்தைப் பார்த்தால், பூத்துவாலை போல மெத்தென்று இருக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கோடிக்கணக்கான சிறு விரல்கள் நெருக்கமாக நிற்பதால் அந்தத் தோற்றம் வருகிறது. இவற்றுக்குக் குடல் உறிஞ்சிகள் என்று பெயர். குடித்த பாலின் சத்தும் நீரும் இவற்றின் வழியாகத்தான் இரத்தத்தில் சேருகின்றன. உறிஞ்சிகள் உயரமாக இருந்தால் பாலிலிருந்து அதிகச் சத்து உடம்பில் சேரும். அவை குட்டையாகத் தேய்ந்துபோனால் குடித்த பால் அப்படியே கீழே போய்விடும்.

இந்த உறிஞ்சிகளை மூடியிருப்பது ஒரே ஒரு வரிசை உயிரணுக்கள்தான். ஒரு பக்கம் சாணமும் கிருமியும், மறுபக்கம் இரத்தம். இரண்டுக்கும் நடுவில் இந்த ஒற்றை வரிசை வரப்பு மட்டுமே நிற்கிறது. பால், உமிழ்நீர், கிருமி எல்லாம் இரவும் பகலும் உரசிக்கொண்டு போகும் இடம் ஆகையால் இந்த உயிரணுக்கள் நெடுநாள் தாங்குவதில்லை. வளர்ந்த பிராணிகளில் குடலின் உட்பூச்சு ஏறக்குறைய 3 முதல் 5 நாட்களில் முழுவதும் மாறிவிடுகிறது.

புதிய உயிரணுக்கள் எங்கிருந்து வருகின்றன? உறிஞ்சிகளின் அடியில் சிறு பள்ளங்கள் உள்ளன. அவைதான் நாற்றங்கால். அங்கே உயிரணுக்கள் பிரிந்து பெருகுகின்றன. அங்கிருந்து மெல்ல மேலே ஏறி, உறிஞ்சியின் பக்கங்களில் நின்று வேலை செய்து, உச்சியை அடைந்ததும் உதிர்ந்துவிடுகின்றன. நாற்றங்காலில் நாற்று வளமாக இருந்தால் வயலில் போக்கிடம் விழுந்தாலும் உடனே நடவு செய்துவிடலாம். நாற்றங்கால் வாடினால் வயல் வெறுமையாகும்.

வளர்ச்சிக் காரணி என்றால் என்ன?

நாற்றங்காலில் உள்ள உயிரணு தானாகவே பெருகிக்கொண்டு போவதில்லை. "பிரியலாம், பெருகலாம், நகரலாம்" என்று அதற்கு ஓர் ஆணை வரவேண்டும். அந்த ஆணையைக் கொண்டுவருபவைதான் வளர்ச்சிக் காரணிகள். இவை மிகச் சிறிய புரதங்கள். உயிரணுவின் மேற்புறத்தில் இவற்றுக்கென்றே அமைந்த பிடிப்பிடங்கள் உண்டு. பூட்டில் சாவி பொருந்துவது போலக் காரணி அதில் பொருந்தியதும் உயிரணுவின் உள்ளே வேலை தொடங்குகிறது. இவை சத்துணவு அல்ல. சாகுபடியில் உரம் வேறு, விதை முளைக்கத் தூண்டும் ஈரம் வேறு என்பது போல, சத்து வேறு, வளர்ச்சிக் காரணி வேறு. இரண்டும் சேர்ந்தால்தான் பலன்.

இவற்றைக் கண்டறிந்த கதை சுவையானது. அமெரிக்காவில் ஸ்டான்லி கோஹன் என்னும் அறிஞர், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு ஊசிமூலம் செலுத்தினார். வழக்கமாக இரண்டு வாரம் ஆகும்போது திறக்கும் குஞ்சுகளின் கண்கள் ஒரு வாரத்திலேயே திறந்துகொண்டன. பற்களும் முன்னதாகவே முளைத்தன. சாற்றில் இருந்த பொருளைப் பிரித்தெடுத்து 1962-ல் அறிவித்தார். அதுவே மேல்தோல் வளர்ச்சிக் காரணி எனப்படுகிறது. நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்த ரீட்டா லெவி-மொன்டால்சினி அம்மையாருக்கும் கோஹனுக்கும் 1986-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு சேர்த்து வழங்கப்பட்டது.

கன்றின் குடலைப் பொறுத்தவரை மூன்று காரணிகளைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது, இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி. இது பள்ளங்களில் உயிரணுக்கள் பெருகத் தூண்டுகிறது. இரண்டாவது, மேல்தோல் வளர்ச்சிக் காரணி. இது பெருகுவதற்கும், புண்ணான இடத்தை நோக்கி உயிரணுக்கள் நகர்ந்து மூடுவதற்கும் உதவுகிறது. மூன்றாவது, உருமாற்று வளர்ச்சிக் காரணி. இது புண் மூடுவதற்குத் துணை நிற்பதோடு, அழற்சி கட்டுமீறிப் போகாமலும் பார்த்துக்கொள்கிறது.

சீம்பாலில் இவை எவ்வளவு?

ஈன்றவுடன் கறக்கும் முதல் சீம்பாலில் புரதம் சுமார் 14 சதவீதம் இருக்கும். சாதாரணப் பாலில் அது 3 முதல் 4 சதவீதம்தான். இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி முதல் சீம்பாலில் லிட்டருக்குச் சில நூறு மைக்ரோகிராம் வரை இருக்கிறது. சாதாரணப் பாலில் இது பெரும்பாலும் 10 மைக்ரோகிராமுக்கும் குறைவு. ஒவ்வொரு கறவைக்கும் இந்த அளவு வேகமாகக் குறைந்துகொண்டே வரும். ஆகவே "நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம்" என்று ஒத்திப்போட்டால், நாளைக்குக் கிடைப்பது வேறு பால்.

புரதம் என்றால் வயிற்றிலேயே செரித்துவிடாதா என்று கேட்கலாம். பிறந்த கன்றின் வயிற்றில் முதல் சில மணி நேரம் அமிலம் குறைவு. மேலும், புரதத்தைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் ஒரு பொருளும் சீம்பாலிலேயே இருக்கிறது. இந்தப் பாதுகாப்பினால் வளர்ச்சிக் காரணிகளில் ஒரு பகுதி சிதையாமல் குடலை அடைந்து, உட்சுவரின் மேலேயே வேலை செய்கிறது.

சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரில் 1990-களில் இதைச் சோதித்துப் பார்த்தனர். சீம்பால் குடித்த கன்றுகளுக்கும், சீம்பால் கொடுக்காமல் பால்மாவுக் கரைசல் குடித்த கன்றுகளுக்கும் சைலோஸ் என்ற சர்க்கரையைக் கொடுத்து, அது இரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தனர். சீம்பால் குடித்த கன்றுகளே அதிகமாக உறிஞ்சின. அவற்றின் குடல் உறிஞ்சிகளும் நன்கு வளர்ந்திருந்தன. வளர்ச்சிக் காரணி ஒன்றை மட்டும் தனியே ஊட்டிப் பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. சீம்பாலில் எல்லாப் பொருட்களும் இயற்கையாகச் சேர்ந்திருக்கும் முறையில்தான் பலன் இருக்கிறது. எனவே சிறு விவசாயி விலை கொடுத்து வாங்கவேண்டியது எதுவுமில்லை. மடியில் இருப்பதைக் கன்றுக்கு விட்டுக்கொடுத்தாலே போதும்.

முதல் சில மணி நேரத்தின் அருமை

மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புப் பொருட்கள் கருப்பையிலேயே ஓரளவு சேர்ந்துவிடும். பசுவின் நஞ்சுக்கொடி அவற்றைக் கன்றுக்குக் கடத்துவதில்லை. கன்று ஏறக்குறைய வெறுங்கையோடுதான் பிறக்கிறது. சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் புரதத்தை முழுதாகவே உள்வாங்கிக்கொள்ளும் ஆற்றல் அதன் குடலுக்குப் பிறந்தவுடன் உண்டு. அந்தக் கதவு மணிக்கு மணி மூடிக்கொண்டே வந்து, 24 மணி நேரத்தில் அடைபட்டுவிடும். முதல் 6 மணி நேரமே மிகவும் பயன் தருவது.

நோய் எதிர்ப்புப் புரதம் இரத்தத்தில் சேர்ந்து கிருமியைத் தாக்குகிறது. வளர்ச்சிக் காரணி குடல் சுவரை உயர்த்துகிறது. முன்னது காவல்காரன், பின்னது கொத்தனார் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் நாளோடு காவல்காரன் உள்ளே போகும் கதவு அடைபட்டாலும், கொத்தனாரின் வேலை இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் தொடர்கிறது. ஆகவே இரண்டாம், மூன்றாம் நாள் பாலையும் கன்றுக்கே கொடுப்பது நல்லது.

கைவிடவேண்டிய வழக்கங்கள்

நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் கன்றைப் பால்குடிக்க விடவேண்டும் என்ற எண்ணம் பல கிராமங்களில் இன்னும் இருக்கிறது. நஞ்சுக்கொடி விழ 8 முதல் 12 மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் கன்றின் பொன்னான நேரம் கடந்துவிடும். உண்மையில் கன்று முட்டிக் குடிக்கும்போது பசுவின் உடலில் ஆக்சிடோசின் என்னும் பொருள் சுரந்து, கருப்பையைச் சுருங்கச் செய்கிறது. அதனால் நஞ்சுக்கொடி விழுவதற்கும் அது உதவியே செய்யும்.

அதிகச் சீம்பால் குடித்தால் கன்றுக்குக் கழியும் என்பது மற்றொரு அச்சம். அழுக்கான பாத்திரத்தில், ஆறிப்போன பாலை ஒரே மூச்சில் ஊற்றினால் தொல்லை வரலாம். சுத்தமாக, உடல் சூட்டில், அளவோடு கொடுக்கும் சீம்பாலால் தீங்கு இல்லை.

முதல் கறவையைச் சீம்பால் கட்டி செய்ய எடுத்துக்கொள்வதும், அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பதும் நம்மிடம் உள்ள வழக்கம். முதலில் கன்றின் வயிறு நிரம்பட்டும், மிஞ்சியதை எடுத்துக்கொள்ளலாம். கன்றுக்கு என்று சீம்பாலைக் கொதிக்க வைக்கவே கூடாது. கொதித்தால் அது திரிந்து கட்டியாவதைக் கண்ணாலேயே பார்க்கிறோம். புரதம் கெட்டதன் அடையாளம் அது. நோய் எதிர்ப்புப் பொருளும் வளர்ச்சிக் காரணியும் புரதங்களே என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

எவ்வளவு, எப்போது கொடுப்பது?

பிறந்த கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது கணக்கு. 25 கிலோ எடையுள்ள கலப்பினக் கன்றுக்கு 2.5 லிட்டர். இதைப் பிறந்த 2 மணி நேரத்துக்குள் தொடங்கி, 6 மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்கவேண்டும். பிறகு 12 மணி நேரத்துக்குள் இன்னும் 1 முதல் 1.5 லிட்டர் கொடுக்கலாம். இரண்டாம், மூன்றாம் நாளிலும் நாளொன்றுக்கு எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தாயின் பாலையே இரண்டு மூன்று வேளைகளாகப் பிரித்துக் கொடுக்கவேண்டும். வெள்ளாட்டுக்குட்டி, செம்மறிக் குட்டிகளுக்குப் பிறந்தவுடன் கிலோவுக்கு 50 மில்லி என்ற கணக்கில் முதல் வேளையும், பிறகு அன்று முழுவதும் பல வேளையும் குடிக்கவிடலாம்.

கன்றை ஊட்டவிடும் வழக்கம் உள்ள வீடுகளில், கன்று உண்மையிலேயே குடித்ததா என்று நின்று பார்க்கவேண்டும். மடி மிகவும் தொங்கினாலும், காம்பு தடித்திருந்தாலும், கன்று பலவீனமாக இருந்தாலும் வாயில் காம்பு அகப்படாது. அப்போது கறந்து, ரப்பர் காம்பு பொருத்திய புட்டியில் கொடுப்பது நல்லது. தலையை நிமிர்த்திப் பிடித்து வாயில் வார்ப்பது ஆபத்து. பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

சீம்பாலின் தரத்தை நிறத்தையும் கெட்டியையும் மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. கரும்பு விவசாயிகளுக்குப் பழக்கமான கைப் பிரிக்ஸ் மீட்டர் இதற்குப் பயன்படும். ஒரு சொட்டுச் சீம்பாலை விட்டுப் பார்த்து, 22 அல்லது அதற்கு மேல் காட்டினால் தரமானது. குறைவாக இருந்தால் இன்னும் சற்று அதிகமாகக் கொடுக்கவேண்டும்.

தாய் இறந்துவிட்டாலோ, மடிநோய் கண்டிருந்தாலோ, அன்றே ஈன்ற வேறு நோயற்ற பசுவின் சீம்பாலைக் கொடுக்கலாம். பல மாடு வைத்திருப்பவர்கள் மிஞ்சிய சீம்பாலைச் சுத்தமான புட்டியில் உறையவைத்துச் சேமிக்கலாம். தேவைப்படும்போது கைபொறுக்கும் சூட்டு நீரில் புட்டியை வைத்து இளக்கவேண்டும்; அடுப்பில் வைக்கக்கூடாது. பாலில் முட்டையும் விளக்கெண்ணெயும் கலந்து கொடுக்கும் பழைய முறையால் கன்றுக்கு உணவு கிடைக்கும். ஆனால் அது சீம்பாலுக்கு ஈடாகாது.

கழிச்சல் வந்துவிட்டால்

முதல் வாரத்தில் ஈ.கோலை என்னும் பாக்டீரியாவும், அடுத்த இரு வாரங்களில் ரோட்டா வைரஸ், கொரோனா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் போன்றவையும் கழிச்சலை உண்டாக்குகின்றன. ரோட்டா வைரஸ் உறிஞ்சிகளின் உச்சியில் உள்ள உயிரணுக்களை அழித்துவிடுகிறது. உறிஞ்சிகள் தேய்ந்து குட்டையாகின்றன. பால் செரிக்காமல், நீர் உறிஞ்சப்படாமல் கழிகிறது.

ஆனால் அடியில் உள்ள நாற்றங்கால் பெரும்பாலும் பிழைத்தே இருக்கும். அழிந்த இடத்தின் ஓரத்தில் நிற்கும் உயிரணுக்கள் தட்டையாகப் பரவிச் சில மணி நேரத்திலேயே வெறுமையான இடத்தை மூட முயல்கின்றன. பிறகு பள்ளங்களில் புதியவை பெருகி, சில நாட்களில் உறிஞ்சி மீண்டும் உயர்கிறது. இரண்டு வேலைக்கும் வளர்ச்சிக் காரணிகளே ஆணை கொடுக்கின்றன. கன்றின் உடலும் அவற்றைச் சொந்தமாக உண்டாக்கும். பாலிலிருந்தும் ஓரளவு கிடைக்கும். நாம் செய்யவேண்டியது, இந்தப் பழுதுபார்ப்பு முடியும் வரை கன்றை உயிரோடு வைத்திருப்பது. கழிச்சலில் கன்று சாவதற்குப் பெரும்பாலும் நீரும் உப்பும் வற்றுவதே காரணம்.

ஆகவே முதலில் நீரிழப்பை ஈடுசெய்யவேண்டும். 25 கிலோ கன்று எடையில் 8 சதவீதம் நீரை இழந்தால் 2 லிட்டர் போய்விட்டது என்று கணக்கு. மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கொதித்து ஆறிய நீரில், பொட்டலத்தில் குறித்துள்ள அளவில் கரைத்து, வெதுவெதுப்பாக வேளைக்கு 1 லிட்டர் வீதம் நாளில் 2 அல்லது 3 வேளை கொடுக்கலாம். பாலோடு கலக்காமல், இரு பால் வேளைகளுக்கு நடுவில் கொடுக்கவேண்டும். வீட்டுச் சர்க்கரையையோ வெல்லத்தையோ கரைத்துக் கொடுக்கக்கூடாது. கரும்புச் சர்க்கரையைச் செரிக்கும் நொதி இளங்கன்றின் குடலில் கிடையாது. செரிக்காத சர்க்கரை கழிச்சலை மேலும் கூட்டும். குளுக்கோஸ் உள்ள பொட்டலமே ஏற்றது.

கழியும்போது பாலை அறவே நிறுத்திவிடும் வழக்கமும் சரியல்ல. பட்டினி கிடந்தால் நாற்றங்கால் வாடும். உறிஞ்சி மீண்டும் வளரப் புரதமும் சக்தியும் வேண்டும். கன்று விரும்பிக் குடிக்கும் வரை பாலைச் சிறு சிறு அளவாக, அதிக வேளைகளில் கொடுத்துவரலாம். மருத்துவரைக் கேட்காமல் நுண்ணுயிர்க் கொல்லி மாத்திரைகளைப் புகட்டக்கூடாது. வைரஸுக்கு அவை வேலை செய்யா. குடலில் உள்ள நன்மை செய்யும் உயிரிகளையும் கெடுத்துவிடும்.

கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே பழைய நிலைக்கு வராமல் மெதுவாகப் படிந்தால், கண் குழிவிழுந்தால், வாய் சில்லிட்டிருந்தால், விரலை வாயில் வைத்தும் சப்பாவிட்டால், சாணத்தில் இரத்தம் கண்டால், தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்கவேண்டும். இந்த நிலையில் வாய்வழிக் கரைசல் போதாது. இரத்தக்குழாய் வழியாகச் செலுத்தவேண்டியிருக்கும்.

கொட்டிலில் கவனிக்கவேண்டியவை

குடல் சுவர் எவ்வளவு நன்றாக இருந்தாலும், கிருமியின் படை பெருகினால் தாங்காது. ஈனும் இடம் உலர்ந்து, புது வைக்கோல் பரப்பியிருக்கவேண்டும். பால் குடிப்பதற்குமுன் மடியையும் காம்பையும் கழுவித் துடைக்கவேண்டும். தொப்புள்கொடியில் டிஞ்சர் அயோடின் தடவவேண்டும். கழியும் கன்றைத் தனியே கட்டி, நல்ல கன்றுகளைக் கவனித்த பிறகே அதனிடம் போகவேண்டும். பால் பாத்திரத்தையும் புட்டியையும் ஒவ்வொரு வேளையும் சுடுநீரில் கழுவி வெயிலில் காயவைக்கவேண்டும்.

சினை மாட்டுக்கு ஈனுவதற்கு 2 மாதம் முன்பே பாலை வற்றவிட்டு, நல்ல தீவனமும் பசுந்தீவனமும் கொடுத்துவந்தால் சீம்பாலும் தரமாகச் சுரக்கும். கன்றுக்கு இரண்டாம் வாரம் முதல் சிறிது கன்றுத் தீவனம் பழக்கினால், அசைபோடும் வயிறும் வளரும். பாலை நிறுத்தும்போது ஒரே நாளில் நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்கவேண்டும்.

2.5 லிட்டர் சீம்பால் இன்று விற்றால் கையில் சில ரூபாய் தரும். அதைக் கன்றுக்குக் கொடுத்தால், அதன் குடலே ஒரு நல்ல வயலாக உருவாகி, பின்னாளில் தின்னும் ஒவ்வொரு பிடித் தீவனத்தையும் பாலாக மாற்றும். அடுத்த முறை கொட்டிலில் பசு ஈனும்போது, நஞ்சுக்கொடிக்காகக் காத்திராமல், கன்று எழுந்து நின்றவுடன் மடியைக் கழுவி அதனிடம் விடுங்கள்.